பறக்கும் தட்டை மறைக்கும் கட்டைவிரல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். நான் அதை விட்டேனா, அது என்னை விட்டதா என்று எங்கள் வீட்டில் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இது என் நண்பனைப் பாராட்டுகிற சமாசாரம். அவனை நான் இதுவரை வாய்விட்டுப் பாராட்டியதே கிடையாது. எங்களுக்குள் கிண்டல்தான் பாஷை. திடீரென்று பாராட்டினால், பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவான். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவனும் நானும் குரோம்பேட்டையில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். அவன் ஒழுங்காக பி.காம் முடித்து, தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மொபைல் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறேன். ஒரு குமிழி இல்லாமல் ஒட்டுவதில் இந்த ரோட்டில் என்னை அடிக்க ஆளில்லை. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கியதும் அவன் நேரே எங்கள் கடைக்கு வருவான். கஸ்டமர் உட்காரப் போட்டிருக்கும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, போனில் பறக்கும் தட்டு வீடியோ ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பொழுதுபோக்குக்காக இல்லை, தீர்ப்பு சொல்வதற்காக. அதற்கென்றே நெட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறான். மதுரையிலிருந்து, மலேசியாவிலிருந்து, துபாயில் டிரைவராக இருப்பவர்களிடமிருந்தெல்லாம் வீடியோ வரும். "சார், இது நிஜமா?" என்று கேட்டிருப்பார்கள். இவனைப் போய் சார் என்கிறார்களே என்று எனக்கு வயிறு எரியும்.

அவனிடம் மூன்றே தீர்ப்புதான். டூப்பு, தப்பு, தெரியல. டூப்பு என்றால் யாரோ உட்கார்ந்து செய்தது. தப்பு என்றால் வீடியோ சுத்தம், எடுத்தவர் நினைத்ததுதான் தப்பு. தெரியல என்றால் தெரியவில்லை.

"நாலாவதா 'நிஜம்'னு ஒண்ணு வைக்க வேண்டியதுதானே மச்சான்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வரட்டும். அப்போ சேத்துக்கலாம்" என்றான்.

அவன் வீடியோ பார்க்கிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லோரும் வெளிச்சத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இவன் முதல் வேலையாக அந்த வெளிச்சத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துவிடுவான். அது நகர்ந்தால் விரலும் கூடவே நகரும். மீதி இருப்பதை மட்டும் பார்ப்பான். கரண்டுக் கம்பி, தெருநாய், பக்கத்து மாடியில் பல் தேய்க்கிற ஆள். தட்டைப் பார்க்கவே மாட்டான்.

"இன்னாடா இது, கல்யாணத்துக்குப் போயி பொண்ண வுட்டுட்டுப் பந்தலப் பாத்துகினு வர மாதிரி?" என்பேன்.

"பொண்ணு மேக்கப் போட்டிருக்கும்டா. பந்தலுக்கு யாரும் போட மாட்டான்" என்பான்.

ஒரு தடவை ஏசி ரயில் ஜன்னல் வழியாக எடுத்த வீடியோ வந்தது. மூன்று வெள்ளை வெளிச்சம், ரயிலோடு சரிக்குச் சரியாகப் பறந்து வருகிறது. கடையில் இருந்த எல்லோருக்கும் புல்லரித்தது. இவன் விரலை வைத்து மறைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். "வெளிய போற கம்பம் எல்லாம் இதுக்குப் பின்னாடி போவுது பாரு. அப்போ இது கம்பத்துக்கு முன்னாடி இருக்கு. கம்பத்துக்கு முன்னாடி என்ன இருக்கு? ஜன்னல் கண்ணாடி. கண்ணாடியில தெரியறது பெட்டிக்குள்ள எரியற லைட்டு." தப்பு என்று போட்டுவிட்டு டீயைக் குடித்தான். அன்றைக்கே கைதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பதிலுக்கு, இவனை ஏமாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

அம்மாவின் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒரு கையில் போன், ஒரு கையால் தட்டைச் சுழற்றி வீசினேன். அருமையாகப் பறந்தது, பக்கத்து வீட்டு சன்ஷேடில் விழுந்து நெளிந்தது. வீடியோவில் ஒரு 'உம்ம்ம்' சத்தம் சேர்த்து, புதுக் கணக்கு ஒன்று ஆரம்பித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எடுத்தது என்று அவனுக்கு அனுப்பினேன். அவன் என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்துதான் அதைத் திறந்தான். நான் ரொம்ப அக்கறையாக ஒருவருக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரலை வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். தலை நிமிராமலே கேட்டான். "ஸ்ரீபெரும்புதூர்ல உங்க எதிர்வூட்டு டேங்க் எப்படிடா போச்சு?"

நான் ஸ்கிரீன் கார்டை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். விரலை எடுத்துவிட்டுத் தட்டைப் பார்த்தான். "குழி வேற தெரியுது. வேத்துக்கிரகத்துக்காரன் இட்லி ஊத்திக்கினே வரானா?"

தன் பக்கத்தில் தீர்ப்பைப் போட்டான்: 'டூப்பு. சட்னி தனியாக வரும்.' எங்கள் அம்மாவும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவள் என்பது எனக்கு அன்று சாயந்திரம்தான் தெரிந்தது. அந்தச் சண்டையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு ஒட்டிய ஸ்கிரீன் கார்டில் குமிழி இருந்தது.

இவ்வளவு கறாராகத் தீர்ப்பு சொல்கிறவனுக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு ஆசைதான். ஒன்றாவது நிஜமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவனே ஒன்றைப் பார்த்திருக்கிறான்.

நாங்கள் ஏழாவது படிக்கும்போது நடந்தது. மழை மாசம். சாயந்திரம் டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போயிருக்கிறான். மேற்கே, வானம் இன்னும் சிவப்பாக இருந்த பக்கத்தில், மூன்று வெளிச்சம் லேசான சாய்வில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றிருக்கிறது. அசையவில்லை. துளி சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இருந்தது மெதுவாக வலது பக்கம் நழுவி, பொசுக்கென்று அணைந்தது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது.

மறுநாள் வகுப்பில் சொன்னான். எங்கள் ஊரில் பொய் சொல்வதற்கு ரீல் விடுவது என்று பேர். அன்றிலிருந்து அவன் வாயைத் திறந்தாலே, "டேய், ரீல் வருது, படம் பாருங்கடா" என்று ஒரு சத்தம் வரும். விஷயம் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் போனது. அவன் அம்மா அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர், அது இன்னும் மோசம். காலை பிரேயரில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, "நான் சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காரச் சொன்னார்கள். ஒரு வார்த்தைதான், நானாக இருந்தால் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். இவன் வாயைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டு மணி அடிக்கிற வரை வெயிலில் நின்றான். அவன் அம்மா அன்று முழுக்க எங்கள் வகுப்புப் பக்கமே வரவில்லை.

அவன் பக்கத்தைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலே அதுதான் இருக்கும். வீடியோ இல்லை, அவன் கையால் வரைந்த படம், மூன்று புள்ளி. கீழே தீர்ப்பு: தெரியல.

போன வருஷம் தீபாவளி முடிந்து, மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில் அந்த வீடியோ வந்தது. அஸ்தினாபுரத்தில் ஒரு மாடியிலிருந்து எடுத்தது. எங்கள் ஏரியா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. கடைக்குக் கவர் வாங்க வந்தவர்களெல்லாம் அதைக் காட்டினார்கள். நான் அதை முழுதாகப் பார்ப்பதற்குள் அவன் கடைக்குள் வந்துவிட்டான். வேர்த்திருந்தான். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்திருக்கிறான்.

"மூணு மச்சான்" என்றான்.

மேற்கே சிவந்த வானம். மூன்று வெளிச்சம், லேசான சாய்வில். அசையவில்லை, சத்தம் இல்லை. பிறகு ஒன்று வலது பக்கம் நழுவி அணைகிறது. அவன் வரைந்த படத்துக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எனக்கே கிண்டல் வரவில்லை.

கீழே கமெண்ட்டில் பெரிய சண்டை. வெளியூர்க்காரர்கள் "ஃப்ளைட்டுடா அது" என்று எழுதியிருந்தார்கள். அதற்கு எங்கள் ஆட்கள், "ஏர்போர்ட் பக்கத்துலயே பொறந்து வளந்தவங்க நாங்க, எங்களுக்கே ஃப்ளைட்டு காட்டறியா?" என்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். நியாயம்தானே. விமானம் கிழக்கே பரங்கிமலைப் பக்கம் இருந்துதான் இறங்கும் என்று எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். இவனும் ஏழாவதில் அதையேதான் சொன்னான்: "ஃப்ளைட்டு அந்தப் பக்கம் வராது மிஸ்."

ஸ்டூலில் உட்கார்ந்தான். கட்டைவிரல் போகவில்லை. முதல் முறையாக அவன் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்ப ஓட்டினான். கடை ஓனர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, விரலை வைத்து மூன்று வெளிச்சத்தையும் மறைத்தான்.

மீதி இருந்தது ஒரு மாடி, ஒரு துணிக்கொடி, அதில் ஒரு நைட்டி.

"உலகமே வானத்தப் பாக்குது. நீ இன்னாடான்னா நைட்டியப் பாத்துகினு கீற" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம் பறக்குது பாரு."

நைட்டி நன்றாக உப்பி, வெளிச்சம் இருந்த பக்கமாகவே பறந்துகொண்டிருந்தது.

"காத்து கிழக்கேர்ந்து அடிக்குது. மழ மாசத்துக் காத்து" என்றான். "ஃப்ளைட்டு காத்துக்கு எதுக்கதான் மூஞ்சிய வச்சி எறங்கும். காத்து கிழக்கேர்ந்து வந்தா..." மீதி எனக்கே புரிந்தது. கிழக்கே பார்த்து இறங்க வேண்டுமென்றால் மேற்கே இருந்துதான் வர வேண்டும். மழை மாசத்தில் காற்று மாறுகிறது, விமானம் இறங்கும் பக்கமும் மாறுகிறது. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இதைக் கவனித்ததே இல்லை.

"சத்தம் வரலியே?" என்றேன், அவனுக்கு உதவி செய்வதாக நினைத்து.

"அதே காத்துதானே. சத்தத்தையும் அந்தப் பக்கமே தள்ளிட்டுப் போயிடும்."

அவன் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. "மச்சான், விட்டுடு" என்றேன். "தெரியலன்னு போட்டுட்டுப் போ. யார் வந்து கேக்கப் போறான்? நைட்டிய எவன் பாத்தான்?"

நான் நிஜமாகவேதான் சொன்னேன். 'தெரியல' என்று போட்டிருந்தால் ஊரே அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். வெயிலில் நின்றவனுக்கு அது நியாயமும்கூட.

"நீ நாளைக்கி வண்டி எடுத்துட்டு வா. அந்த மாடியப் பாக்கணும்" என்றான்.

அந்த மாடியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அஸ்தினாபுரத்தில் யாரைக் கேட்டாலும், "பறக்கும் தட்டு அக்கா வூடா? லெஃப்ட்ல போயி ரெண்டாவது" என்று வழி சொன்னார்கள். வீடியோ எடுத்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். எங்களைவிட ஏழெட்டு வயசு பெரியவராக இருப்பார். துணி எடுக்க மாடிக்குப் போனபோது பார்த்து எடுத்திருக்கிறார். கதவைத் திறந்ததுமே, "யூடியூபா? கிளம்புங்க தம்பி" என்றார். கண் வீங்கியிருந்தது. ஸ்கூலில் பிள்ளைகள் பின்னால் நின்று ரீல், ரீல் என்று கத்துகிறார்களாம்.

"நான் ஒண்ணும் ரீல் விடல தம்பி. ரீல்தான் போட்டேன்!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்து தொண்டையிலேயே நின்றது. என் நண்பன் மட்டும் மிகவும் மரியாதையாக, "தெரியும்க்கா. அதான் வந்தோம்" என்றான். அந்த 'தெரியும்க்கா'வைக் கேட்டதும் அவர் கதவை முழுதாகத் திறந்தார்.

மாடியில் அதே துணிக்கொடி, அதே நைட்டி. அதைத்தான் இவன் ஆராய்ச்சி செய்தான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன், அடக்கத்துக்கு எனக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம். காற்று அன்றும் கிழக்கேயிருந்து வந்தது. மூன்று பேரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்டவாளத்தைத் தாண்டி, அனகாபுத்தூர், திருநீர்மலை இருக்கும் பக்கம் சூரியன் இறங்கி, வானம் மாம்பழ நிறத்துக்கு வந்தது.

முதலில் ஒன்று வந்தது. புள்ளியாகத் தெரிந்து, பிரகாசமாகி, அப்படியே நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. அவை விமானம் என்று தெரிந்து நின்ற எனக்கே அப்படி. ஒன்றும் தெரியாத ஏழாம் வகுப்புப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

"இதேதான் தம்பி! இதேதான்!" என்று அக்கா குதித்தார்.

விமானம் நம்மைப் பார்த்து நேராக வரும்போது நகர்கிற மாதிரியே தெரியாதாம். முன்விளக்கு முழுதும் நம் கண்ணில் அடிக்கும். பக்கத்தில் வந்து கொஞ்சம் ஒதுங்கினதும் அந்த வெளிச்சம் நம்மைவிட்டு விலகிவிடும், அணைந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் அவன் பிறகு தன் பக்கத்தில் எழுதியது. மாடியில் நின்றபோது அவன் கையை நீட்டி, கட்டைவிரலால் வானத்தில் இருந்த முதல் வெளிச்சத்தை மறைத்தான். போனில் மறைக்கிற அதே மாதிரி. அது மெதுவாக விரலை விட்டு வலது பக்கம் நழுவி, பொசுக்கென்று அணைந்தது. அணைந்த இடத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே ஏர்போர்ட் பக்கம் போனது.

போனில் விமானங்களைக் காட்டுகிற ஆப்பை நான்தான் திறந்தேன். "நடுவுல வர்றது கோயம்புத்தூர் மச்சான். பின்னாடி பம்பாய்" என்றேன்.

அவன் கையை இறக்கவில்லை. மூன்றும் போய் முடிகிற வரை அப்படியே நின்றான்.

"அப்ப என் வீடியோ பொய்யா தம்பி?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"வீடியோ ஒரிஜினல்க்கா. ஒரு பொட்டு கலப்படம் கிடையாது. நெனச்சதுதான் தப்பு. உங்க ஸ்கூல்ல பிள்ளைங்க கேட்டா இத அப்படியே சொல்லுங்க" என்றான். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. பறக்கும் தட்டு போனதில் அவருக்குத் துளி வருத்தம் இல்லை. உள்ளே போய் எங்களுக்கு காபியும் ஒரு தட்டு நிறைய முறுக்கும் கொண்டுவந்தார்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தே அவன் தீர்ப்பை எழுதினான். அக்கா வீடியோவுக்குக் கீழே: தப்பு. நைட்டி, காற்று, முன்விளக்கு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பக்கத்தின் உச்சிக்குப் போனான். கையால் வரைந்த மூன்று புள்ளி. அதன் கீழே இருந்த 'தெரியல'வை அழித்தான். கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'தப்பு' என்று அடித்தான். யாரும் கேட்காமல், வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாத ஒன்றை, அவனே தன் கையால் எழுதினான்.

அடுத்தவன் போடும் மேக்கப்பைக் கலைக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சொந்தக் கனவின் மேல் கட்டைவிரலை வைத்த ஒருவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். கண்ணாடியில் பார்த்தால், வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குப் பயமாக இருந்தது, இவன் உடைந்துவிட்டானோ என்று. சமாதானம் சொல்லவும் எனக்கு வராது, தெரிந்ததெல்லாம் வம்பிழுப்பதுதான். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"இன்னா மச்சான், இத்தினி வருஷமா நீ கட்டிகினு அழுதது கடைசியில கோயம்புத்தூர் ஃப்ளைட்டா?"

"எதுவா இருந்தா என்னடா, நான் பாத்தேன்ல?"